பத்து மணிக்குள்ள அடி தெரியணும்

மெதுவா. மெதுவா இழுக்கணும், கோவத்தையெல்லாம் கையில கொண்டாந்து காட்டக் கூடாது. ஒரு சாண் நகத்து, நிறுத்து, இன்னொரு சாண். கம்பு நுனியில இருக்கிற சக்கரம் வெச்ச தட்டு தரையோட தரையாப் போகணும், அடியில படிஞ்சு கிடக்கிற செத்த பாசியை அது உறிஞ்சணும், கலக்கக் கூடாது. நேத்துப் பொழுதோட படிகாரத்தைக் கரைச்சு ஊத்தி மோட்டாரை நிறுத்தினது. விடியற வரைக்கும் அசையாம நின்ன தண்ணியில எல்லாம் கீழ இறங்கி, ஆறிப்போன கம்பங்கூழாட்ட ஒரு விரல் கனத்துக்குப் படிஞ்சிருக்கு. வெடுக்குனு ஒரு இழுப்பு இழுத்தா போதும், அத்தனையும் மேல எழும்பிரும், மறுபடி அடங்க ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த ஒரு மணி நேரம் என்கிட்ட இல்லை. இப்ப மணி எட்டே கால். பத்துக்கு டிப்பர் வந்துரும். மொத லோடு கிராவல் மண்ணு. இந்த நீச்சல் குளத்தை மூடறதுக்குப் பதினெட்டு லோடு வேணும்னு மேஸ்திரி அளந்து சொல்லிட்டுப் போயிருக்கார். அளக்கறப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை, "அம்மா, கொஞ்சம் தள்ளிக்கங்க"ன்னு மட்டும் சொன்னார். நானும் தள்ளிக்கிட்டேன். என்ற ஊட்டுக்காரர் குழந்தைவேல், கோபியில முப்பது வருசமா உரக்கடை வெச்சிருக்கிற பெரிய மனுசர், போன ஞாயித்துக்கிழமை சோறு தின்னுக்கிட்டே தீர்ப்புச் சொன்னார். "இங்க பாரு சாந்தாமணி, அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வந்து பாப்பேன். ஆழப்பக்கத்துல அடியில வெள்ளையா ஒரு மூடி இருக்குதல்ல, கரையில நின்னா அது தெரியணும். தெரிஞ்சா குளம் இருக்கட்டும். தெரியலைன்னா மூடிரலாம், கொசுவு தாங்க முடியலை." சொல்லிட்டு ரசம் ஊத்தச் சொல்லிக் கையைக் காமிச்சார். நானும் ஊத்தினேன். ஊத்தினேன் பாரு, அதுதான் இப்ப வயிறு எரியுது. கரண்டியை அங்கயே போட்டுட்டு எந்திரிச்சு வந்திருக்கணும்.

கொசுவாம். மூணு வாரத்துக்கு முன்னாடி வரைக்கும் இந்தத் தண்ணியில ஒரு கொசு முட்டை வெச்சிருக்குமா. கரையில நின்னா மூடியில இருக்கிற எட்டு ஓட்டையையும் எண்ணலாம், அப்படி வெச்சிருந்தேன். எல்லாம் அந்த ஆடிப் பதினெட்டு நோம்பியில வந்த வினை. ஆத்துல வெள்ளம், யாரும் எறங்கக் கூடாதுன்னு போலீசு கயிறு கட்டிட்டாங்க. ஒறம்பரைச் சொந்தக்காரங்க இருபது பேரு முளைப்பாரியும் தட்டுமா நடுவீதியில நிக்கறாங்க. உடனே என்ற நங்கை, அவரோட அக்கா பாப்பாத்தியம்மா, வெத்தலையைக் கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு வழி சொன்னாங்க. "நம்ம கொழந்தையன் ஊட்டுல இத்தாச்சோட்டு தண்ணி கிடக்குது, அதென்ன ஆறு இல்லாம போயிருமா." அவ்வளவுதான். காவேரித்தாயே வந்து இங்க படுத்த மாதிரி எல்லாரும் இங்க வந்துட்டாங்க. மஞ்சளைக் கரைச்சு ஊத்தினாங்க, ரெண்டு சொம்பு பாலு, காப்பரிசி, வெல்லம், செவ்வந்திப்பூ, குங்குமம், கடைசியா பதினோரு முளைப்பாரிச் சட்டியையும் மண்ணோட கவுத்தாங்க. நான் வாயைத் திறந்தேன், திறக்காம இல்லை. "நங்கை, இது மருந்து போட்ட தண்ணிங்க, இதுல பாலு ஊத்தினா கெட்டுப்போயிருமுங்க"ன்னேன். "சாமி காரியத்துல என்ன மருந்து"ன்னு அவங்க சொன்னாங்க. இவரு பக்கத்துல நின்னு கும்பிட்டுக்கிட்டிருந்தார். கண்ணை மூடிக்கிட்டு. அந்த மூடின கண்ணைப் பாத்தா இப்பவும் எனக்கு ஆத்தரமா வருது. போறப்ப நங்கை படியில நின்னு, கொடியில காயற என்ற நீச்சல் உடுப்பைக் கண்ணாலயே மேலயும் கீழயும் பாத்துட்டு, "இதைப் போட்டுக்கிட்டா எறங்கறே"ன்னு கேட்டாங்க. கை முழங்கை வரைக்கும், கால் முழங்கால் வரைக்கும் மூடின உடுப்பு. மருமக கனடாவுல இருந்து அனுப்பினது. ஆமாங்கன்னேன். அவங்க தம்பியைப் பாத்தாங்க. தம்பி தரையைப் பாத்தார். சரி, விடு. இழு, ஒரு சாண். நிறுத்து.

பச்சையாச்சு, சரி பண்ணினேன். அதுல எனக்குக் கோவமில்லை. பாலு ஊத்தினா குளோரினெல்லாம் அந்தப் பாலைத் தின்னவே தீந்துரும், பாசியைக் கொல்ல ஒண்ணும் மிஞ்சாது, அப்பறம் பச்சையாகாம என்ன செய்யும். வலை போட்டுப் பூவையும் முளையையும் வாரினேன். பிளாஸ்டிக் டப்பாவுல தண்ணி மொண்டு, ஒரு பக்கம் மஞ்சச் சொட்டு, ஒரு பக்கம் செவப்புச் சொட்டு, ஆட்டிப் பாத்தா பிஎச் எட்டைத் தாண்டி நிக்குது. எட்டைத் தாண்டினா எத்தனை குளோரினைக் கொட்டினாலும் அது பாதித் தூக்கத்துலதான் வேலை செய்யும். மொத ஆசிட்டு. பக்கெட்டு தண்ணியில ஆசிட்டை ஊத்தணும், ஆசிட்டுல தண்ணியை ஊத்தக் கூடாது, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து முதுகைக் காமிச்சுக்கிட்டு நிக்கணும். ஏழு புள்ளி நாலுக்கு இறங்கினப்பறம் சாயங்காலமா குளோரின், ஏன்னா வெயில்ல போட்டா வெயிலே குடிச்சிரும். அப்பறம் பிரஷ்ஷு. சுவத்தைத் தேய்க்காம விட்டா பாசி தன் வழவழப்புக்குள்ள ஒளிஞ்சுக்கும், மருந்து அண்டாது. தோள்பட்டை கழண்டு விழற மாதிரி தேய்ச்சேன். நாலே நாள்ல வியாழக்கிழமை கண்ணாடியாட்ட ஆச்சு. வெள்ளிக்கிழமை நீந்தினேன். சனிக்கிழமை ஏணிக்குப் பின்னாடி கையை வெச்சா வழவழங்குது. ஞாயித்துக்கிழமை பச்சை. திரும்பவும் முதல்ல இருந்து. திரும்பவும் வியாழக்கிழமை கண்ணாடி, திரும்பவும் ஞாயித்துக்கிழமை பச்சை. எனக்குப் பைத்தியம் புடிக்காதது ஒண்ணுதான் பாக்கி. மோட்டாரைப் பிரிச்சுப் பாத்தேன், வடிகட்டி மணலைக் கழுவினேன், மழைத்தண்ணி இறங்குதான்னு பாத்தேன். என்ன தப்புப் பண்ணினேன்னு என்னையவே கேட்டுக் கேட்டு, அரிசி களையறப்பக் கூட அதே நினைப்பு. இவரு பின்னாடி வந்து நின்னு, "உன்ற தண்ணி உனக்கே அடங்க மாட்டேங்குது பாத்தியா"ன்னு எகத்தாளமாச் சிரிச்சார். சிரிச்சுட்டு அக்கட்ட போயி புல்லுக்குத் தண்ணி திருப்பி விட்டார். அவரோட புல்லு. ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காலி பூரா கம்பளம் விரிச்ச மாதிரி, செருப்புக் காலோட யாரும் மிதிக்கக் கூடாது. மழை பேஞ்சிருக்கு, புல்லுக்கு ஒரு கை உரம் போட்டா நல்லதுன்னு இந்த மூணு வாரமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அவரே எறங்கறார். புல்லு பச்சையா இருந்தா அழகாம், தண்ணி பச்சையா இருந்தா கருமமாம்.

எட்டு நாப்பது. ஆழம் கம்மியா இருக்கிற பக்கம் முடிஞ்சிருச்சு. டைல்ஸ் நீலம் தெரியுது. அந்த நீலத்தைப் பாத்ததும் கால் தானா கூசுது, எறங்கு எறங்குன்னு. பையன் பிரதீப்புக்காகக் கட்டின குளம் இது. ஊரு பூராச் சொல்லிக்கிட்டுக் கட்டினார், கடைக்கு வர்றவனையெல்லாம் கூட்டியாந்து காமிச்சார். பையன் கல்யாணத்தப்ப பதினோரு நாள் நீந்திட்டுக் கனடா போயிட்டான். அப்பறம் ரெண்டு வருசம் தவளைதான் நீந்துச்சு. எனக்கு அப்ப அம்பத்தொண்ணு. உடம்புக்குள்ள நெருப்பு வெச்ச மாதிரி திடீர் திடீர்னு காந்தல் வரும், முதுகு நனையும், ஃபேனுக்கு அடியில நின்னாலும் தீராது. ஒரு மத்தியானம் யாருமில்லாதப்ப நைட்டியோட படியில எறங்கி இடுப்பு வரைக்கும் உக்காந்தேன். அந்தக் காந்தல் எங்க போச்சுன்னே தெரியலை. அடுத்த நாள் கழுத்து வரைக்கும். ஏணியைப் புடிச்சுக்கிட்டு மூஞ்சியை முக்கறதுக்கே ஒரு வாரம். காதுக்குள்ள தண்ணி போனதும் மூச்சு அடைச்சு, செத்தேன்னு நினைச்சுத் துள்ளி எந்திரிப்பேன். எதுக்கு அந்தப் பயம்னு எனக்குத் தெரியும். கலாமணி. என்ற சித்தி மக, பதிமூணு வயசு. வாய்க்கால்ல துணி தொவைக்கப் போயிருந்தோம், ஏழு புள்ளைங்க. வழுக்கி விழுந்தா. ஆறு பேரு கரையில நின்னோம். கத்தினோம், அவ்வளவுதான். ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது. எங்கண்ணனுங்க ரெண்டு பேருக்கும் கெணத்துல குதிச்சு அடியில கிடக்கிற கல்லை எடுத்துட்டு வர்ற அளவுக்குத் தெரியும், அவங்க குதிக்கறப்ப சட்டையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறதுதான் எனக்கு வேலை. கலாமணி கை ரெண்டு தடவை மேல வந்துச்சு. வளையல் போட்ட கை. தண்ணி அன்னிக்குச் செம்மண்ணு கரைஞ்ச தண்ணி, ஒரு முழத்துக்குக் கீழ ஒண்ணும் தெரியலை, எங்க இருக்கான்னு தெரியலை. அடுத்த மதகுல எடுத்தாங்க. அதுக்கப்பறமாச்சும் பொட்டைப் புள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தாங்களா. இல்லை. வாய்க்காலுக்குப் போகக் கூடாதுன்னுட்டாங்க. அது ஒரு தீர்ப்பு. எல்லாத் தீர்ப்பும் சோறு தின்னுக்கிட்டேதான் சொல்றாங்க போல இருக்கு.

மெதுவா. அப்படி ஏணியைப் புடிச்சு, அப்பறம் ஏணியை விட்டு, சுவத்தைத் தொட்டு, சுவத்தையும் விட்டு, ஒரு நாள் நடுத்தண்ணியில மல்லாந்து மிதந்தேன். காதுக்குள்ள என்ற மூச்சு மட்டும் கேட்டுச்சு. யாரும் காபி கேக்கலை, யாரும் சாவி எங்கேன்னு கேக்கலை. அம்பத்தோரு வருசத்துல என்ற உடம்பு எனக்குப் பாரமில்லாம இருந்தது அன்னிக்குத்தான். இப்ப அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நாப்பது தடவை போறேன், நடுவுல நிக்காம. இதை யார்கிட்டயும் சொல்லிக்கிட்டதில்லை. யாரும் கேக்கவும் இல்லை. இதுமேல பதினெட்டு லோடு மண்ணு கொட்டி, மேல புல்லு வெப்பாராம். என்னையவே உள்ள வெச்சு மூடற மாதிரி இருக்குது எனக்கு. இல்லை, இப்ப அதை நினைக்காத. ஆழப்பக்கம் வந்தாச்சு. மூடி எங்க இருக்கு, அதோ, ஏணிக்கு நேரா. அதுமேலயும் கூழு மூடியிருக்கு. ஒம்போது அஞ்சு. தட்டுல மாட்டின இந்த உறிஞ்சு குழாய் ஏணியில சிக்கிக்கிட்டு வர மாட்டேங்குது. எல்லாம் இன்னிக்குத்தான் சிக்கும். கம்பை அப்படியே சாய்ச்சு வெச்சுட்டு, முட்டி போட்டு, குழாயை எடுத்து விடணும். ஏணிக்காலை ஊணின இடத்துல கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சந்து. சந்துல என்னமோ கறுப்பா. எறும்பா. எறும்பில்லை, நகரலை. விரலை விட்டு நோண்டினா மணி மணியா வருது. கடுகை விடப் பெருசு, சாம்பலும் கறுப்புமா. ஈரக்கையில உருட்டினா வழவழன்னு கரையுது.

டிஏபி. எனக்குத் தெரியாதா. சீசன்ல கடையில ஆள் பத்தாம நானே உக்காந்து மூட்டை எண்ணி விட்டிருக்கேன், தலைமுடி வரைக்கும் அந்த வாடை அடிக்கும். கண்ணை மூடிக்கிட்டு விரல்ல தொட்டா யூரியா எது, பொட்டாசு எது, டிஏபி எதுன்னு சொல்லிருவேன். டிஏபிதான். புல்லுக்குப் போட்டது காத்துல பறந்து வந்திருக்கும். எப்படிப் பறக்கும், இது என்ன பஞ்சா. ஸ்பிரிங்ளர் தண்ணியில அடிச்சுக்கிட்டு வந்திருக்கும். எப்படி வரும், புல்லு அந்தக் கரையில இருக்குது, இந்தப் பக்கம் வெறும் கல்லு, மதில் சுவரு, ஒரு புல்லு கிடையாது. மூட்டை ஓட்டையா இருந்திருக்கும், தூக்கிட்டுப் போறப்பச் சிந்தியிருக்கும். கேட்டு எந்தப் பக்கம் இருக்குது, அந்தப் பக்கம். இந்த ஏணி மூலைக்கு மூட்டையோட வரவேண்டிய வேலை என்ன. இந்தச் சந்து பூரா இருக்குது, ஒரு பிடிக்கு மேல இருக்குது, வாரி வாரித் தண்ணியில கொட்டினதுல உள்ள விழாம தப்பிச்சு நின்னது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை வழவழப்பு, ஞாயித்துக்கிழமை பச்சை. அடக் கடவுளே. கம்பை எடுத்தேன். எடுத்தது தெரியும், இழுத்தது தெரியலை. கை தானா இழுத்துருச்சு, ஒரே இழுப்பு, இந்தக் கோடியில இருந்து மூடிக்கு மேலயே. அடியில இருந்து புகையாட்ட எழும்புது. பழுப்பா, மொத்தமா, மூடி இருந்த இடத்துல சுழண்டு சுழண்டு மேல வருது. போச்சு. மூணு வாரம், நேத்துப் படிகாரம், எல்லாம் போச்சு. மணி ஒம்போது பத்து.

மோட்டாரை நிறுத்திட்டேன். கம்பை அசைக்காம வெளிய எடுத்துட்டேன். இனி செய்யறதுக்கு ஒண்ணுமில்லை, நிக்கணும், அது தானா அடங்கற வரைக்கும் பாத்துக்கிட்டு நிக்கணும். ஒருவேளை அவருக்குத் தெரியாம இருக்குமோ. டிஏபி தண்ணியில விழுந்தா என்ன ஆகும்னு தெரியாமச் செஞ்சிருக்கலாம். யாருக்குத் தெரியாது. வயல்ல பாசி கட்டிருச்சுன்னு வர்ற ஒவ்வொரு விவசாயிக்கும் இவரு கடையில உக்காந்து பாடம் எடுக்கறார், என்ற காதால கேட்டிருக்கேன். "டிஏபியை அள்ளி விட்டீங்களா? அதான். பாசிக்கு அதைவிட ருசியான சாப்பாடு கிடையாது. மயில்துத்தத்தைத் துணியில கட்டித் தண்ணி பாயற வாய்மடையில போடுங்க." நாக்குல எழுதி வெச்ச மாதிரி சொல்வார். அப்பத் தெரிஞ்சுதான் செஞ்சார். தெரிஞ்சு, ஒரு கையில போட்டுட்டு, இன்னொரு கையில கெடு வெச்சுட்டு, உன்ற தண்ணி உனக்கே அடங்கலை பாத்தியான்னு சிரிச்சுட்டு. நான் அர்த்தராத்திரியில எந்திரிச்சு எங்க தப்புப் பண்ணினேன்னு யோசிச்சப்ப, பக்கத்துல படுத்துக் குறட்டை விட்டுட்டு. எனக்கு அழுகை வரலை. அழுகை வந்தா நல்லா இருக்கும், அதுவும் வரலை. முப்பத்தி ரெண்டு வருசத்துல இவரு என்னைய அடிச்சதில்லை, வெளிய போன்னு சொன்னதில்லை, அந்தப் பேரை ஊருக்குள்ள வாங்கி வெச்சிருக்கார். வேண்டாம்னு நினைச்சா வேண்டாம்னு சொல்ல மாட்டார். தையல் கிளாசு போறேன்னப்ப வேண்டாம்னு சொன்னாரா. நான் ஓட்டற வண்டியைச் சர்வீசுக்கு விட்டுட்டார், அது மூணு மாசம் வரவே இல்லை. இப்பத்தான் அதுவும் புரியுது. அந்த வண்டிக்கு ஒரு கேடும் இல்லை. எத்தனையை இப்படி நானாத் தோத்துட்டேன்னு நினைச்சு விட்டிருக்கேன், கெரகம். ஒம்போது நாப்பது. புகை கொஞ்சம் கீழ இறங்கியிருக்கு. வெள்ளையா ஒரு ஓரம் தெரியுதா, இல்லை என்ற கண்ணா. இறங்கு. இறங்கு சாமி. படிகாரம் இன்னும் தண்ணிக்குள்ள இருக்குமல்ல, புடிச்சு இழுத்துட்டுக் கீழ போ.

பத்துக்கு அஞ்சு நிமிசம் இருக்கறப்ப செருப்புச் சத்தம். வெள்ளை வேட்டி, கையில காபி டம்ளரு, புல்லை மிதிக்காம ஓரமாச் சுத்திக்கிட்டு வர்றார். வாசல்ல டிப்பர் ஹாரன் அடிக்குது. கேட்டைத் திறந்து விட்டுட்டுத்தான் வந்திருக்கார், பாக்கறதுக்கு முன்னாடியே. கரையில நின்னு குனிஞ்சார்.

"பாதிதான் புள்ள தெரியுது."

குரல்ல ஒரு வருத்தம். நிசமான வருத்தமாட்டவே இருக்குது, அதுதான் எனக்குத் தாங்கலை.

"மேல எழும்பினது அடங்கிக்கிட்டு இருக்குதுங்க. இன்னொரு கால் மணி நேரம்."

"பத்துன்னு சொன்னேனா இல்லையா. நீயும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டே. உன்னையக் குத்தம் சொல்லலை. இந்தத் தண்ணி வாகு அப்படி."

நான் உள்ளங்கையை விரிச்சு நீட்டினேன். "ஏனுங்க, இது என்னதுங்க?"

முப்பது வருசப் பழக்கம் எங்க போகும். டம்ளரைக் கைமாத்திக்கிட்டு ரெண்டு மணியை எடுத்து விரல்ல நசுக்கினார், கடைக்கு வர்ற ஆளுக்குச் சொல்ற மாதிரியே சொன்னார். "டிஏபி."

"இந்த ஏணிச்சந்துல இருந்துச்சுங்க. இந்தப் பக்கம் புல்லு இல்லை. இது தண்ணியில விழுந்தா என்ன ஆகும்னு கடையில சொல்வீங்கல்ல, அதை எனக்கும் ஒருக்காச் சொல்லுங்க."

விரல்ல ஒட்டின கறுப்பை வேட்டியில துடைச்சார். வெள்ளை வேட்டியில கோடு விழுந்துச்சு. வாசல்ல மறுபடியும் ஹாரன். என்னையப் பாக்காம, பக்கத்து ஊட்டு மாடியைப் பாத்துச் சொன்னார். "பேங்க்காரர் ஊட்டுல துணி காயப் போடற சாக்குல நீ நீந்தறதை நின்னு பாக்கறாங்களாமா. அக்கா சொன்னா. அம்பத்தி நாலு வயசுல. எனக்கு ஊருக்குள்ள ஒரு மாதிரி இருக்குது சாந்தா."

"அப்ப அதைச் சொல்லியிருக்கணுமுங்க. எறங்காதேன்னு என்ற மூஞ்சியைப் பாத்துச் சொல்லியிருக்கணும். நான் எறங்குவேன்னு உங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்லியிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும். என்ற தண்ணிக்கு எதுக்குங்க வெசம் வெச்சீங்க?"

"வெசமா அது, உரம்" அப்படின்னார். அதைச் சொல்றப்பவே அவருக்கே கேவலமா இருந்திருக்கும், பாதியில குரல் இறங்கிப்போச்சு.

டிப்பர் பின்பக்கமாவே உள்ள வந்துக்கிட்டிருந்துச்சு. டிரைவர் தலையை வெளிய நீட்டி, நாப்பது வயசு ஆளு, துண்டைத் தலையில கட்டியிருந்தார், "எங்கீங்க கொட்டறது, குளத்துக்குள்ளயேவா"ன்னு கேட்டார். என்ற ஊட்டுக்காரரைத்தான் கேட்டார், என்னைய இல்லை. நான் புல்லுக்கு நடுவுல போயி நின்னேன். வெறுங்கால்ல. அத்தனை மெத்துனு இருந்துச்சு, குத்தம் சொல்லக் கூடாது, நல்லாத்தான் வளத்தியிருந்தார்.

"இங்க கொட்டுங்க. இந்தப் புல்லு மேல."

"அய்யா குளத்துக்குன்னு சொன்னாங்களே அம்மா."

"குளத்தை அய்யா பாத்துட்டார். அது இருக்கும். நீங்க இங்க கொட்டுங்க, மொத்த லோடும்."

டிரைவர் அவரைப் பாத்தார். நானும் பாத்தேன். அவரு என்ற கையைப் பாத்தார், நான் இன்னும் அதை மூடலை. எதுவும் சொல்லாம இருக்கறதுல கெட்டிக்காரர், அது இன்னிக்கு எனக்கு ஒத்தாசையாப் போச்சு. ஆனா புல்லு மேலயேதான் நின்னுக்கிட்டிருந்தார், காபி டம்ளரோட, நகராம.

"ஏனுங்க" அப்படின்னேன், "கொஞ்சம் தள்ளிக்கங்க."

தள்ளிக்கிட்டார். நாலடி, அப்பறம் இன்னும் நாலடி, கல்லு மேல ஏறி நின்னுக்கிட்டார். வண்டியோட பொட்டி மேல எந்திரிச்சுச்சு, மொதல்ல ஒரு கூடை அளவு சரிஞ்சுச்சு, அப்பறம் மொத்தமா. செவப்பு மண்ணு. கலாமணி போன அன்னிக்குத் தண்ணி இருந்த அதே செவப்பு. அது விழற சத்தம் அடங்கற வரைக்கும் நான் அங்கயே நின்னேன். அப்பறம் திரும்பி வந்து கரையில குனிஞ்சு பாத்தேன். மூடி தெரிஞ்சுச்சு. ஓட்டையை எண்ணினேன், எட்டும் இருந்துச்சு. மணி பத்து இருபது. மண்ணுத் தூசி கொஞ்சம் பறந்து வந்து தண்ணி மேல படிஞ்சிருக்கு, அதை வலை போட்டு எடுத்துக்கலாம். குளோரின் இன்னும் தூக்கலாத்தான் இருக்கும், இப்ப எறங்கினா கண்ணு எரியும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு டப்பாவுல மொண்டு பாத்துட்டு எறங்கணும்.